வளர்ச்சியும் வரம்பும்

பெருநோய் ஒன்று மனிதனைப் பற்றும்போது அவனுக்குத் துணை நிற்பதற்குத் தத்துவங்களுக்குக் குறைவில்லை. யாக்கையின் நிலையாமையைப் பற்றியும், மரணத்தின் நிச்சயத்தைப் பற்றியும், ஆன்மாவின் அழியாத்தன்மையைப் பற்றியும் நம் முன்னோர் எழுதிவைத்தவை ஒரு நூலகத்தையே நிரப்பும். ஆனால், பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சை உறையவைக்கும் நோய் ஒன்று தோலின்மேல் மிளகளவே தோன்றி, ஒரு முற்பகலுக்குள் முடிந்துவிட்ட சிறு ரணசிகிச்சையோடு நீங்கிவிட, ‘இனிப் பயமில்லை’ என்ற வார்த்தையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவன், அதற்குப் பின் எதை நினைக்க வேண்டும், எதற்கு நன்றி செலுத்த வேண்டும், எந்த வகையில் மாற வேண்டும் என்பதைச் சொல்ல எவரும் முன்வருவதில்லை. ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று சுற்றத்தார் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அன்போடு சொல்லப்படும் வார்த்தைதான். ஆயினும், விசாரணை தொடங்க வேண்டிய இடத்தில் அது விசாரணையை முடித்துவிடுகிறது.

எனக்கு வந்தது மூக்கின் பக்கவாட்டில், கன்னமும் மூக்கும் கூடும் மடிப்பில். பளபளப்பான ஒரு சிறு மேடு. துண்டால் முகத்தைத் துடைக்கும்போது துளி இரத்தம் கசியும். பொருக்குத் தட்டி ஆறிவிட்டதாகத் தோற்றம் காட்டும். சில வாரங்களில் மறுபடியும் கசியும். சிறு துணுக்கு ஒன்றை எடுத்துச் சோதித்தபோது, அதனைப் பேசல் செல் கார்ஸினோமா என்றார்கள். தோலின் மேற்படலத்தில் ஆக அடியிலுள்ள உயிரணு வரிசையின் இயல்பைக் கொண்ட புற்று அது. டப்ளின் நகரத்து மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் 1827-ஆம் ஆண்டில், கண்ணிமைகளை மெல்ல மெல்ல அரித்துச் செல்லும் விசித்திரமான புண் என்று இதனை வருணித்தார். இது வேகமாக ஓடுவதில்லை. இரத்தத்தில் கலந்து தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுவதும் மிக மிக அபூர்வம். இருந்த இடத்திலிருந்தே சுற்றிலுமுள்ளதைத் தின்றுகொண்டிருக்கும். காலத்தில் வெட்டி எடுத்துவிட்டால், பெரும்பாலோர்க்கு அத்தோடு கதை முடிந்துவிடுகிறது. மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, நான் விழித்திருக்கும்போதே வெட்டினார்கள். வலியில்லை, முகத்தில் ஓர் இழுப்பு மாத்திரம் தெரிந்தது. பின்னர் வந்த பரிசோதனை அறிக்கையில், வெட்டிய துண்டின் விளிம்புகளில் நோயில்லை என்று எழுதியிருந்தது.

இத்தகைய அனுபவத்திலிருந்து மனம் முதலில் கேட்கும் கேள்வி, ‘எதனால் வந்தது?’ என்பதாகும். நம் தேசத்தில் இந்தக் கேள்வி உடனே வினையைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. நோயாளி கேட்காவிட்டாலும், பார்க்க வருகிறவர்கள் அவன் சார்பில் கேட்டுவிடுகிறார்கள். இந்த நோயின் காரணத்தை விஞ்ஞானிகள் ஓரளவு தெளிவாகவே கண்டிருக்கிறார்கள். சூரிய ஒளியிலுள்ள, கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்கள் தோலின் உயிரணுக்களுக்குள் புகுந்து, மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள எழுத்துகளை முறையின்றிப் பிணைத்துவிடுகின்றன. அந்தப் பிழைகளை உடம்பு ஓயாமல் திருத்திக்கொண்டேயிருக்கிறது. திருத்தத்துக்குத் தப்பியவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, ஒருநாள் புற்றாகத் தலையெடுக்கின்றன. வெண்ணிறத் தோலினருக்கு இது மிகுதி. நம் தோலின் கருமை நமக்கு ஒரு குடையாக இருந்தாலும், முழு விலக்கு அளிப்பதில்லை.

அப்படியானால், எந்த ஆதித்தனை நாம் ஆரோக்கியத்தின் அதிபதி என்று வணங்குகிறோமோ, கிருஷ்ணனுடைய மகன் சாம்பனின் சரும ரோகத்தைத் தீர்த்தவன் என்று கோணார்க்கத்தின் ஸ்தல புராணம் எவனைப் போற்றுகிறதோ, அவனுடைய கிரணங்களே இந்த நோயின் விதையைத் தூவின என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. அதே ஒளிதான் தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்கி எலும்பை உறுதிப்படுத்துகிறது, பயிரை விளைவிக்கிறது. நெருப்பும் அப்படித்தான். காஷ்மீரத்தில் குளிர்காலத்தில் ஏழைகள் தணல் நிறைந்த மண்சட்டியைப் பிரம்புக் கூடையில் வைத்து, காங்க்ரி எனப்படும் அதனை அங்கிக்குள் வயிற்றோடும் தொடையோடும் அணைத்துக்கொள்கிறார்கள். நெடுங்காலம் அந்தச் சூடு பட்ட தோலில் புற்று எழுவதை எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866-ஆம் ஆண்டிலேயே எழுதினார். குளிருக்குத் தணலை அணைத்துக்கொண்ட ஏழை செய்த பாவம் யாது? வினைக்கு விளைவு உண்டு என்பது வேறு, விளைவைக் கண்டு ஒருவனுடைய குணத்துக்குத் தீர்ப்புச் சொல்வது வேறு. முன்னது உலகின் ஒழுங்கில் வைத்த நம்பிக்கை. பின்னது, நோயாளியின் தலையில் நோயோடு அவமானத்தையும் ஏற்றிவைக்கும் கொடுமை. வினைக் கோட்பாட்டை நான் மறுக்கவில்லை. அதைப் பிறர் படுக்கைக்கு அருகில் நின்று பிரயோகிக்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை என்றே சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி சரீரத்தைப் பற்றியது. தமிழில் தோலைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் என்றும் மறக்க முடியாதது நாலடியாரில் ‘தூய்தன்மை’ என்ற அதிகாரத்தில் சமண முனிவர் ஒருவர் சொன்ன கருத்து. ஈயின் சிறகு அளவே தோல் அறுந்தாலும், கொத்த வரும் காக்கையை ஓட்டுவதற்கு ஒரு கோல் தேவைப்படும். இதனையா அழகு என்று வியக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். என் முகத்தில் வெட்டப்பட்டதும் ஏறக்குறைய அந்த அளவுதான். அந்தக் கருத்தின் வன்மையை அன்று கண்ணாடியின் முன் நின்று உணர்ந்தேன். தினந்தோறும் கட்டை அவிழ்த்து, உப்பு நீரால் ஒற்றித் துடைத்து, வாஸலைனை மெல்லிசாகத் தடவி, புதிய கட்டை ஒட்டும்போது, கருத்த தையல் முடிச்சுகளும், அவற்றைச் சுற்றிய வீக்கமும், மஞ்சளாகப் பூத்த நீரும் கண்ணுக்கு முன் இருந்தன. தோலின் மீது கட்டப்பட்ட கர்வம் எவ்வளவு மெல்லிய அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது என்பதில் முனிவர் சொன்னது முற்றிலும் உண்மை.

ஆனால் அவர் காக்கையைப் பார்த்தார். புண்ணைத் தொடர்ந்து பார்க்கவில்லை. தொடர்ந்து பார்த்தவனுக்கு வேறொரு காட்சி தெரிகிறது. காயம் பட்ட சில நிமிஷங்களுக்குள் இரத்தத்தின் தட்டணுக்கள் திரண்டு, ஃபைப்ரின் என்னும் நுண்ணிழைகளால் ஒரு வலையைப் பின்னி, கசிவை நிறுத்துகின்றன. வெள்ளணுக்கள் வந்து கிருமிகளை விழுங்குகின்றன. பிறகு மேக்ரோஃபேஜ் எனப்படும் பேரணுக்கள் சிதைந்தவற்றை அப்புறப்படுத்தி, அடுத்து வர வேண்டியவர்களுக்கு ஆணை அனுப்புகின்றன. தொடர்ந்து ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்கள் கொலாஜன் என்னும் வலிய புரதத்தை நெய்கின்றன. அதற்கு உணவளிக்கப் புதிய இரத்த நாளங்கள் முளைக்கின்றன. மேற்படலத்தின் உயிரணுக்கள் வெட்டின் இரு கரைகளிலிருந்தும் புறப்பட்டு நகர்கின்றன. எதிர்க்கரையிலிருந்து வரும் தம் இனத்தைத் தொட்டவுடன் நின்றுவிடுகின்றன. தையலிட்ட காயத்தில் இந்தச் சந்திப்பு ஒன்றிரண்டு நாட்களுக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. இத்தனை காரியங்களும் என்னைக் கேளாமல், நான் உறங்கும்போதும், கவலைப்படும்போதும், நாலடியாரை எண்ணி வைராக்கியம் பேசும்போதும் நடந்துகொண்டிருந்தன. இப்படி ஒழுகும் ஒன்றை இகழ்வதற்கு எனக்கு நா எழவில்லை. முன்பு உடம்பைக் குறையுள்ளதாக எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே பரம்பொருள் குடிகொண்டிருப்பதைக் கண்டு அதனைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் கூறுவது, கற்பனையில் எழுந்த சமாதானமன்று. கூர்ந்து பார்த்தவர் அடைந்த முடிவு.

இங்கேதான், எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி ஒன்று இருக்கிறது. அந்தச் சிறிய இடத்தில், முதலில் புற்றாக ஒரு வளர்ச்சி இருந்தது. அது வெட்டி எடுக்கப்பட்ட பின்னர், ஆறுதலாக ஒரு வளர்ச்சி நிகழ்ந்தது. இரண்டும் பெருக்கமே, உயிரணு பிளந்து இரண்டாவதும், புதிய நாளங்களைத் தன்பால் இழுப்பதும், சுற்றுப்புறத்துக்குள் நகர்ந்து செல்வதும் இரண்டுக்கும் பொது. புற்றுக்கட்டிகளை ஆறாத புண்கள் என்றே கொள்ளலாம் என்று ஹெரால்டு ட்வோராக் என்ற அறிஞர் 1986-இல் எழுதினார். பேசல் செல் புற்றின் வேரைத் தேடியவர்கள் 1996-ஆம் ஆண்டில் கண்டதோ, அதைவிட வியப்புக்குரியது. கருவறையில் சிசுவின் விரல்களையும் முகத்தையும் வகுத்து அமைக்கும் ஓர் ஆணை, ‘வளர்க’ என்னும் ஓர் இரசாயனச் செய்தியாக, நம் உயிரணுக்களில் உறங்குகிறது. அதனைக் காலமறிந்து அடக்கிவைப்பதற்குப் ‘பேட்ச்டு’ என்று பெயரிடப்பட்ட ஒரு மரபணு காவல் இருக்கிறது. இந்த வகைப் புற்றில் பெரும்பாலும் பழுதுபட்டிருப்பது அந்தக் காவல்தான். ஆகவே, என் மூக்கின் ஓரத்தை அரித்தது வெளியிலிருந்து வந்த எந்த அரக்கனும் அல்ல. என்னை உருவாக்கிய சக்தியே, தன் வரம்பை இழந்த நிலையில், என்னை அழிக்கத் தொடங்கியிருந்தது.

தீமை என்பது நன்மைக்கு எதிராக நிற்கும் தனியொரு சக்தியா, அல்லது நன்மையே திரிந்த நிலையா என்பது சமய உலகில் மிகப் பழைய வழக்கு. சைவ சித்தாந்திகள் இதற்கு ஆழமான விடை ஒன்றை வைத்திருக்கிறார்கள். உயிருக்கு அறிவும், விருப்பமும், செயலும் இயல்பாகவே உண்டு. ஆனால் செம்பில் களிம்புபோல அநாதியாக உடன் நிற்கும் ஆணவம், வியாபகமாக விரிய வேண்டிய அந்த உயிரை அணுவளவாகக் குறுக்கிவிடுகிறது. குறுகிய உயிர், தான் ஒரு பெரிய முழுமைக்கு உரியது என்பதை அறியாமல், தன்னையே முழுமையாக எண்ணிக்கொள்கிறது. அதன் அறிவும் விருப்பமும் செயலும் அழிந்துவிடுவதில்லை. அவை திசை கெட்டு ஓடுகின்றன. புற்றின் உயிரணு ஒன்றை நுண்நோக்கியின் கீழே வைத்து ஆணவத்தின் இலக்கணத்தைப் போதிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வலிமை குறைவில்லை, ஆயுள் குறைவில்லை, முயற்சிக்கும் ஓய்வில்லை. அண்டை உயிரணுவைத் தொட்டால் நிற்க வேண்டும் என்ற ஒரு மரியாதையை மாத்திரம் அது இழந்துவிட்டது. ஆறுகின்ற தோலோ, அதே வலிமையோடு புறப்பட்டு, இடைவெளி நிரம்பியதும் தன் பணி முடிந்தது என்று அடங்குகிறது. முக்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்தி மாத்திரம் அடங்கிப்போகிறது என்று சித்தாந்திகள் சொல்வதன் நுட்பம் இந்த இடத்தில் எனக்கு விளங்கிற்று. ஆசையைக் கொன்றுவிட்டால் நலம் வந்துவிடும் என்று எண்ணுவது, வளர்ச்சியை நிறுத்திவிட்டால் புண் ஆறும் என்று எண்ணுவதற்கு ஒப்பாகும். உயிருக்கு வேண்டுவது வரம்பறிந்த வளர்ச்சி. நம் சமயங்கள் அடக்கம் என்றும் தர்மம் என்றும் போற்றியது இதனையே என்று கொள்கிறேன்.

அந்த வரம்பை வகுப்பவர் யார், புண்ணை ஆற்றுகிறவர் யார் என்ற கேள்வி அடுத்து வருகிறது. ரணசிகிச்சை நிபுணரின் கைத்திறனைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட செயல். ஆயினும், அந்தத் திறமை எதை நம்பி நிற்கிறது என்பதை அவர்களே நன்கு அறிவார்கள். 1794-ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மன்ஸ் மேகஸின்’ என்ற பத்திரிகை, ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரைப் பற்றி எழுதிற்று. மைசூர்ப் போரில் சிறைப்பட்டு மூக்கறுபட்ட அவருக்கு, புனேயில் பரம்பரைத் தொழிலாளி ஒருவர் நெற்றித் தோலைப் பெயர்த்துத் திருப்பிப் புதிய மூக்கை அமைத்துக்கொடுத்தார். அதைப் படித்து ஊக்கம் பெற்ற கார்ப்யூ என்ற மருத்துவர் 1814-இல் லண்டனில் அதே முறையைச் செய்துகாட்டினார். மூக்கில் வந்த புற்றை ஆழமாக வெட்டியெடுத்தவர்களுக்கு இன்றைக்கும் அந்த நெற்றித் தோல் முறை பயன்படுகிறது. பெயர்த்த தோலை உடனே துண்டித்துவிடுவதில்லை; பழைய இடத்தின் இரத்தம் ஒரு காம்பு வழியே வந்துகொண்டிருக்க, புதிய இடத்தின் நாளங்கள் உள்ளே வேர் பிடிக்கும்வரை ஏறத்தாழ மூன்று வாரங்கள் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருத்தலில் வைத்தியரும் பக்தரும் ஒன்றாகிவிடுகிறார்கள்: தம் பங்கைச் சிரத்தையோடு செய்துவிட்டு, தம் வசத்தில் இல்லாத ஒன்று வேலை செய்வதற்கு இருவருமே இடம் விட்டு நிற்கிறார்கள்.

திருத்துருத்தியின் தீர்த்தத்தில் மூழ்கிச் சுந்தரர் தம் சரும நோய் நீங்கப்பெற்றார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. வைத்தீசுவரன் கோயிலில் இறைவனே வைத்தியநாதன் என்ற பெயரோடு நிற்க, அவன் சன்னிதியில் உப்பும் மிளகும் காணிக்கையாகக் குவிகின்றன. தோல் நோயுற்றவர்கள் குளத்தில் வெல்லத்தைக் கரைக்கிறார்கள். சாந்துருண்டையை மருந்தென்று வாங்கிச் செல்கிறார்கள். படித்தவர்கள் சிலர் இவற்றை மூடநம்பிக்கை என்கிறார்கள். ரணசிகிச்சைக்குப் பதிலாக வெல்லத்தைக் கரைத்தால் அது மூடத்தனமே. புற்று அதற்குள் எலும்புவரை போய்விடும். ஆனால், மருத்துவர் சொன்னதை முழுமையாகச் செய்துவிட்டு, ஆறுதல் என்பது தன் சாமர்த்தியத்தால் விளைவதன்று என்பதை ஒப்புக்கொள்ளும் அடையாளமாக ஒருவன் ஒரு பிடி உப்பை வைத்தால், அவன் விஞ்ஞானத்துக்கு எவ்வகையிலும் விரோதியாகமாட்டான். தன் உடம்புக்குள் நிகழ்வதைச் சரியாக விளங்கிக்கொண்டவன் என்றே அவனைச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் ஆறியவனின் பேச்சு. ஆறாதவருக்கு என்ன பதில்? தையல் பிரிக்கச் சென்ற அன்று காத்திருப்புக் கூடத்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவருக்குத் தாடையின் ஒரு பகுதி இல்லை. அவருடைய மனைவி ஒரு பாத்திரத்திலிருந்து கஞ்சியைக் குழாய் வழியே சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மையாரின் கை சிறிதும் நடுங்கவில்லை. ‘எனக்குச் சிறிதாகக் கொடுத்தாயே, இறைவா!’ என்று அந்த இடத்தில் நன்றி சொல்ல முயன்றால், அவருக்குப் பெரிதாகக் கொடுத்தவன் என்ற பழியும் அதே இறைவன்மேல் விழுகிறது. பிறருக்கு இல்லாத சலுகை தனக்குக் கிடைத்ததாக எண்ணிச் செலுத்தும் நன்றி, ஆணவத்தின் மற்றொரு வேஷமே. ஆகவே நன்றிக்கு வேறு ஆதாரம் தேட வேண்டும்.

அதனை நான் திருவண்ணாமலையில் காண்கிறேன். ரமண மகரிஷியின் இடது முழங்கைக்கு அருகில் தோன்றியதும் ஒரு சிறு கட்டிதான். 1949-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதை எளிதாக வெட்டி எடுத்தார்கள், மறுபடி வளர்ந்தது, மறுபடி வெட்டியபோது ஸார்க்கோமா என்னும் கொடிய புற்று என்று தெரிந்தது. கையையே எடுத்துவிடலாம் என்றார்கள். அதற்கு அவர் இசையவில்லை. ரேடியம் வைத்தார்கள், மேலும் இருமுறை ரணசிகிச்சை நடந்தது, 1950 ஏப்ரல் 14 அன்று உடம்பு ஓய்ந்தது. இறுதி நாட்கள்வரை, பார்க்க வந்தவர்களுக்குத் தரிசனத்தை மறுக்காதிருந்தார். வைத்தியர்களையும் அவர் விலக்கவில்லை, வைத்தியத்தைப் பற்றிக்கொள்ளவுமில்லை. அலோபதியார் வந்தாலும் சித்த வைத்தியர் வந்தாலும், அன்பின் நிமித்தம் செய்வதைச் செய்யவிட்டு, தாம் அதற்கெல்லாம் சாட்சியாக இருந்தார். உடம்பு ஆறுமா, ஆறாதா என்பதை அவருடைய சாந்தி நிபந்தனையாகக் கொள்ளவில்லை. ஆறுதல் கிடைத்தால் மாத்திரம் செல்லுபடியாகும் தத்துவம் தத்துவமாகாது என்பதற்கு அவருடைய புண்பட்ட கையே பிரமாணம். என் தோலை மூடிய அதே ஒழுங்கு, அவருடைய கட்டியைத் தடுக்கவில்லை. ஆயினும், வரம்பின்றிப் பெருகிய அந்த நோயால் அவருடைய உள்ளத்தின் அடக்கத்துக்குள் ஓர் அணுவளவும் புக முடியவில்லை. உடம்பில் தோற்ற இடத்திலும் உயிரில் வெல்ல முடியும் என்ற அந்த உறுதிக்காகவே நாம் அனைவரும், ஆறியவரும் ஆறாதவரும் சேர்ந்து, நன்றி செலுத்தலாம்.

அத்தகைய நன்றி வாயளவில் நிற்பதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தைத் தம் வீட்டோடு நிறுத்தாமல், நிதி திரட்டி, 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். இழந்தவர் அவ்வளவு கொடுத்திருக்க, இழக்காதவன் கைகட்டி நிற்பது தர்மமாகாது. சிறு ரணசிகிச்சையோடு தப்பியவனுக்கு எளிய கடன்கள் உண்டு. உச்சிவெயிலில் தலையை மறைத்துக்கொள்வதும், ஆறாத புண்ணோ வளரும் மறுவோ கண்டால் மருத்துவரிடம் காட்டும்படி அண்டை அயலாரை வற்புறுத்துவதும், குறித்த காலத்தில் மறுபரிசோதனைக்குப் போவதும் உடம்பைப் பற்றிய கடன்கள். புண்பட்ட தோல் எவ்வளவுதான் ஆறினாலும் முன்னிருந்த உறுதியில் ஏறத்தாழ 80 சதவிகிதத்துக்கு மேல் பெறுவதில்லை என்கிறார்கள். அந்தக் குறைவை நான் நஷ்டமாகக் கொள்ளவில்லை. இந்த உடம்பு எனக்கு உடைமையாகத் தரப்பட்டதன்று, பேணித் திருப்பிக் கொடுக்க வேண்டிய அடைக்கலப் பொருள் என்பதை அது நாளும் நினைப்பூட்டுகிறது. உயிரைப் பற்றிய கடன் இன்னும் பெரிது. என் சொல் பிறர் மனத்தைத் தொடும் இடத்தில், என் ஆசை பிறர் உரிமையைத் தொடும் இடத்தில், என் பக்தி பிறர் பக்தியைத் தொடும் இடத்தில், ஆறுகின்ற தோலின் உயிரணு நிற்பதைப்போல நான் நிற்கப் பழக வேண்டும். நலம் பெற்றவன், தனக்குக் கிடைத்த காலத்தை இப்படி வரம்பறிந்து வளர்வதற்கும், ஆறாத புண்ணோடு இருப்பவர்களின் அருகில் சென்று நிற்பதற்கும் செலவிட்டால், அவன் செய்யத்தக்க தோத்திரம் அதனினும் மேலாக வேறில்லை.